வன்னியில் 12 கிழமை பார்மசி ஆய்வு: வருகை மாணவியாக வர இருக்கிறேன், எதை எடுத்துச் செய்யலாம்?

புதுக்குடியிருப்புப்_பேத்தி

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் 4 ஆண்டு எம்.ஃபார்ம் படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். இறுதி ஆண்டு ஆய்வுக்கான தரவுகளை வேறு நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வருகை மாணவியாக இருந்து சேகரிக்க எங்கள் துறை இடம் கொடுக்கிறது. பயணச் செலவுக்கு, வெளிநாடு போய்ப் படிக்கிற மாணவருக்குப் பிரித்தானிய அரசு பணம் தரும் டூரிங் திட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பார்மசி படிப்பிக்கும் ஒருவரோடு மின்னஞ்சலில் கதைத்துக்கொண்டிருக்கிறேன். மேற்பார்வை செய்யச் சம்மதிப்பார் போலத்தான் தெரிகிறது. களவேலை மட்டும் வன்னியில்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன். அம்மாவின் ஊர் புதுக்குடியிருப்பு. தமிழ் நன்றாகக் கதைப்பேன், எழுதுவதும் பரவாயில்லை.

யூன் நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் தொடக்கம் வரை 12 கிழமை கிடைக்கும். நான் யோசித்திருப்பது இது: சிறுகுறிஞ்சா, ஆவாரை இரண்டின் இலைகளையும் வன்னியில் சேகரித்து, சாறு எடுத்து, ஒட்சியேற்ற எதிர்ப்புத் திறனையும் சீனியைக் குறைக்கும் திறனையும் ஆய்வுகூடத்தில் அளப்பது. சலரோகத்துக்கு ஊரில் இவற்றைப் பாவிக்கிறார்கள் என்று அம்மம்மா சொல்வார். இது நல்ல தலைப்பா? ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறவர்கள், இப்படி வந்து ஆய்வு செய்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

கிளி_மருந்தாளர்

தங்கச்சி, முதலில் வாங்கோ. வன்னியில்தான் செய்வேன் என்று நிற்கிறீர்களே, அதுவே பெரிய சந்தோசம்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் அரச ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கிற ஆள். மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். இலையை அரைத்து, ஒட்சியேற்ற எதிர்ப்பை அளக்கும் டி.பி.பி.எச். பரிசோதனை செய்ய நீங்கள் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. அந்த இரண்டு மூலிகைகளிலும் அந்த வேலையை நிறையப் பேர் செய்துவிட்டார்கள். நீங்களும் செய்தால் அட்டவணையில் போட ஒரு இலக்கம் கிடைக்கும், அறிக்கையும் முடியும். எங்கள் கிளினிக் வாங்கிலில் இருக்கிற ஆச்சிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இங்கே வந்தால் மட்டுமே பார்க்கக்கூடிய ஒன்றை எடுங்கள். எனக்குக் கனகாலமாக உறுத்திக்கொண்டிருக்கிற கேள்வி இன்சுலின். நாங்கள் அதை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை வைத்துக் காப்பாற்றுகிறோம். பிறிஜ்ஜின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதி வைக்கிறோம். கரண்ட் போனால் ஜெனரேற்றருக்கு ஓடுகிறோம். அப்புறம் யன்னலால் போத்தலை நீட்டுகிறோம். வாங்கியவர் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டோ, சைக்கிள் கூடையில் கொப்பியோடு போட்டுக்கொண்டோ போகிறார். அந்த யன்னலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அக்கராயனுக்கும் அதற்கு அப்பாலும் பஸ்ஸில் போய் இறங்கி நடந்து வீடு சேர மத்தியானம் ஆகிவிடும். மின்சாரம் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் பிறிஜ் இல்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இதில் எனக்கு இருக்கிற பயத்தைச் சொல்கிறேன். வெக்கையில் வலு குறைந்த இன்சுலினைப் போடுகிறவருக்குச் சீனி இறங்காது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் கொப்பியில் உள்ள இலக்கத்தைப் பார்ப்பார். “ஊசி ஒழுங்காப் போடுறீங்களா?” “ஓம் ஐயா, ஒரு நாளும் விட்டதில்லை.” உண்மையும் அதுதான். அளவைக் கூட்டி எழுதுவார். அன்றைக்கே எங்களிடம் புதுப் போத்தல் கிடைக்கும், அது நல்ல மருந்து. கூட்டிய அளவில் நல்ல மருந்தைப் போட்டுவிட்டுப் படுத்தால் விடியப்புறம் வியர்த்து, நடுங்கி, மயங்கிப் போவார். தனியே இருக்கிற வயதானவர் என்றால் யார் பார்ப்பது? இது எத்தனை பேருக்கு நடக்கிறது, நடக்கிறதா என்றே யாராவது வீடு வீடாகப் போய் அளந்தால்தான் தெரியும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 10 மில்லிலீற்றர் போத்தலில் மில்லிலீற்றருக்கு 100 அலகு, மொத்தம் 1000 அலகு. ஒரு நாளைக்கு 40 அலகு போடுகிறவருக்கு 25 நாளில் முடிந்துவிடும். 20 அலகு மட்டும் போடுகிறவருக்கு 50 நாள் வரும். திறந்த போத்தலைப் பொதுவாக 4 கிழமைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சில வகைகளுக்கு 6 கிழமை. மிச்சம் இருக்கிற மருந்தை யார் எறிவார்கள்? காசு கொடுத்து வாங்காத மருந்து என்றாலும் எங்கள் சனம் எறியாது.

நொச்சிமோட்டை

மேலே அண்ணை எழுதியதை வாசித்ததும் அம்மா இன்சுலின் வைக்கிற பானை ஞாபகம் வந்தது. தங்கச்சிக்கு உதவும் என்று விளக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அது குசினி மூலையில், மண் தரையில், ஒரு பிரிமணையில் இருக்கிறது. பூசாத, நிறம் அடிக்காத சாதாரண மண்பானை. அரைவாசிக்கு ஆற்று மணல். காலையும் பின்னேரமும் ஒரு செம்பு தண்ணீர் மணலில் ஊற்ற வேண்டும். மணலுக்கு நடுவில் மூடியுள்ள சின்னப் பிளாஸ்ரிக் போத்தல், அதற்குள் இன்சுலின். பானை வாயில் நனைத்த சாக்குத் துண்டு. முதலில் இன்சுலினை நேரே மணலில்தான் புதைத்து வைத்தார். ஈரத்தில் ஒட்டுத்தாள் கழன்று போய்விட்டது. அம்மாவுக்கு இரண்டு வகை தந்திருந்தார்கள், ஒன்று தெளிந்தது, மற்றது பால் போலக் கலங்கினது. தெளிந்ததன் கழுத்தில் கறுப்பு நூல் கட்டினார். கண் தெளிவில்லாதவர், இருட்டிலும் விரலால் தடவிப் பார்த்து எடுப்பார். திகதி எப்போது முடிகிறது என்பதுதான் ஒட்டுத்தாளோடு போய்விட்டது.

கை வைத்தால் பானைக்குள் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். எத்தனை பாகை என்று ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. யாராவது வந்து அளந்து சொன்னால் அம்மா மட்டும் இல்லை, எங்கள் ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

வேர்க்கொம்பு

மருந்தாளர் அண்ணையின் அக்கறை விளங்குகிறது. ஆனால் மூலிகை ஆய்வை ஒரே வெட்டாக வெட்டிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கைதடியில் சித்த மருத்துவம் படித்து, இப்போது முல்லைத்தீவுப் பக்கம் வேலை செய்கிறேன்.

சிறுகுறிஞ்சாவும் ஆவாரையும் இந்த மண்ணின் மருந்துகள். பரியாரிமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இடப்பெயர்வில் ஏடுகளும் கைப்பிரதிகளும் போனது போனதுதான். விசகடி வைத்தியம் தெரிந்த குடும்பங்களில் இன்றைக்கு அடுத்த தலைமுறை வெளிநாட்டில். ஒரு பார்மசி மாணவி அக்கறையோடு வந்து கேட்கும்போது, “அது செய்து முடிந்த வேலை” என்று அனுப்பினால் வேறு யார் வருவார்?

தங்கச்சி, இலை சேகரிப்பதென்றால் சில விசயங்கள். எடுத்த செடியின் மாதிரியை அழுத்தி உலர்த்திப் பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரகத்தில் அடையாளம் உறுதிப்படுத்த வேண்டும். “குறிஞ்சா” என்று இரண்டு பேர் காட்டும் கொடி இரண்டாக இருக்கலாம். காட்டுக்குள் போக வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். காட்டுக்குத் தனியே போகவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. யானையும் இருக்கிறது. அத்தோடு உலர்ந்த இலையையோ சாற்றையோ பெட்டிக்குள் வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டு போக நினைக்காதீர்கள். தாவரப் பொருளை அனுமதியில்லாமல் நாட்டை விட்டுக் கொண்டு போவது சட்டப்படி குற்றம். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையில் எழுத்தில் உடன்படிக்கை இருக்க வேண்டும். எங்கள் மூலிகையின் பலன் எங்களுக்கே திரும்பி வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

அறிவியல்நகர்_அக்கா

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். காலக்கணக்கை மட்டும் முதலில் பார்ப்போம். காடு செல்ல அனுமதி, சேகரிப்பு, நிழலில் உலர்த்தல், சொக்ஸ்லெற் கருவியில் சாறு எடுத்தல், கரைப்பானை வாங்குதல். இதற்குள்ளேயே உங்கள் 12 கிழமையில் பாதி போய்விடும். கரைசலில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி இருக்கிற இடத்தில் வரிசை இருக்கும்; அதற்கு வேண்டிய அசிற்றோநைத்ரைல் கரைப்பானும் நிரலும் இறக்குமதி. ஒரு நிரல் பழுதானால் மாற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரிக்கே மருந்து இல்லாமல் தவித்த நாடு இது. அந்தக் காலத்து மாணவர்களைக் கேட்டால் இரசாயனம் தேடி அலைந்த கதை சொல்வார்கள்.

இன்சுலின் தலைப்பு நல்லது. ஆனால் அண்ணை எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். இன்சுலின் நாம் பயப்படுகிற அளவுக்கு மெல்லியது இல்லை. கென்யாவில் டகாஹலே அகதி முகாமில் வீட்டு வெப்பநிலைகளை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தை, 25 முதல் 37 பாகை வரை, ஆய்வுகூடத்தில் உண்டாக்கி ஜெனீவாப் பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து செய்த ஆய்வு 2021 இல் வெளிவந்தது. 4 கிழமை அப்படி வைத்திருந்த இன்சுலினும் குளிரில் வைத்ததும் வலுவில் வேறுபடவில்லை. ஆகவே “பிறிஜ் இல்லை, மருந்து கெட்டது” என்று முடிவோடு வீட்டுக்குள் போகக் கூடாது. 37 பாகையைத் தாண்டுகிறதா, எவ்வளவு நேரம், எத்தனை நாள், 4 கிழமைக்குப் பிறகும் பாவிக்கிறார்களா, இவைதான் கேள்விகள். தகரக் கூரைக்குக் கீழே ஓகஸ்ட் மத்தியானத்தில் அலுமாரித் தட்டு எவ்வளவு சூடாகும் என்று எனக்கும் அறிய ஆசை.

அளப்பது சுலபம். விரல் அளவில் ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவியை இன்சுலினோடு சேர்த்து வைத்தால் மணிக்கு ஒரு தடவை தானே பதியும். வெறும் சராசரியை எடுக்காதீர்கள், அது நடுப்பகல் வெக்கையை மறைத்துவிடும். பார்மசியில் நீங்கள் படித்த சராசரி இயக்க வெப்பநிலையைக் கணியுங்கள். சூடு ஏற ஏற மருந்து சிதையும் வேகம் கூடும் என்பதால் அந்தக் கணிப்பில் உச்ச வெப்பத்துக்குக் கூடுதல் பாரம் விழும்.

பானை பற்றி. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தான் உள்ளே குளிர்கிறது. காற்று உலர்ந்திருந்தால் நன்றாக வேலை செய்யும். நீங்கள் வருகிற யூன், யூலை சோளகக் காலம் அதற்குப் பொருத்தம். மாரியில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், பானை அவ்வளவு குளிராது. உங்கள் முடிவை எழுதும்போது இது கோடையில் அளந்தது என்று தெளிவாக எழுதுங்கள்.

பிறிஜ் உள்ள வீடுகளையும் விடாதீர்கள். ஐஸ் பெட்டிக்குக் கீழே ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்து இளகிய இன்சுலினைப் பாவிக்கவே கூடாது. வெக்கையை விட இது மோசம், ஏனென்றால் வைத்தவர் பத்திரமாக வைத்தோம் என்று நிம்மதியாக இருப்பார்.

எஞ்சிய மருந்தின் வலுவையும் அளக்க ஆசை வரும். எச்.பி.எல்.சி.யில் 214 நனோமீற்றரில் பார்க்கலாம்தான். ஒப்பிட்டுப் பார்க்க வலு தெரிந்த நியம மாதிரி வாங்க வேண்டும், கலங்கல் வகையை அமிலம் சேர்த்துக் கரைக்க வேண்டும், முறையைச் சரிபார்க்க வேண்டும். 12 கிழமைக்குள் வேண்டாம். வெப்பநிலையை ஒழுங்காக அளந்தால் அதுவே போதும்.

புதுக்குடியிருப்புப்_பேத்தி

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. நொச்சிமோட்டை அண்ணா, கறுப்பு நூல் விசயத்தை இங்குள்ள என் மேற்பார்வையாளருக்கு மொழிபெயர்த்து அனுப்பினேன். உடனே அழைத்துக் கதைத்தார். இன்சுலின் தலைப்பில் எனக்கும் அவருக்கும் விருப்பம்.

மூன்று கேள்விகள். அனுமதி யார் யாரிடம் எடுக்க வேண்டும்? எத்தனை வீடுகள் போதும்? புள்ளிவிபர வகுப்பில் 384 என்று ஒரு இலக்கம் சொல்லித் தந்தார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்? மூன்றாவதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

நந்திக்கடல்

நான் கனடாவிலிருந்து பொதுச் சுகாதாரப் படிப்புக்காக வந்து முல்லைத்தீவில் களவேலை செய்தவன். அனுமதி பற்றி நான் சொல்கிறேன்.

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்னமே தொடங்க வேண்டிய வேலை இது. முதலில் யாழ்ப்பாணத்து மேற்பார்வையாளரின் பெயரில் ஆய்வு முன்மொழிவு. அது மருத்துவ பீடத்தின் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவுக்குப் போகும். குழு கூடுகிற நாளைப் பார்த்து அதற்கு முன் கொடுக்க வேண்டும். திருத்தம் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள், அதற்கும் நாள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் பல்கலைக்கழகமும் தனியாக ஒரு அனுமதி கேட்கும். இரண்டிலும் ஒரே கேள்விக்கொத்து, ஒரே சம்மதப் படிவம் இருக்க வேண்டும். தரவு எடுத்த பிறகு எந்தக் குழுவும் பின்திகதியிட்டு அனுமதி தராது.

ஒழுக்கநெறிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் சுகாதாரப் பக்கம். பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரி, வீடுகளுக்குப் போவதால் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி. கிராம சேவையாளருக்கும் சொல்லிவிட்டுப் போனால் ஊரில் கேள்வி வராது. என் கடிதம் ஒன்று ஒரு அலுவலகத்தில் கிழமைக் கணக்கில் அசையாமல் கிடந்தது. “ஐயா இன்னும் பார்க்கேல்லை” என்ற ஒரே பதில்தான். மின்னஞ்சலை நம்பி வெளிநாட்டிலிருந்து காத்திருந்தால் அப்படித்தான் இருக்கும். யாழ்ப்பாணத்து மேற்பார்வையாளரின் பக்கத்திலிருந்து ஒருவர் நேரே போய்க் கேட்டதும் அசைந்தது.

விசாவிலும் கவனம். உல்லாசப் பயண விசாவில் வந்து ஆய்வு செய்ய வேண்டாம். பல்கலைக்கழகம் உங்களை வருகை மாணவியாகப் பதிந்து தருகிற கடிதத்தோடு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் அதற்கான விசாவைக் கேளுங்கள். காப்புறுதியையும் உங்கள் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள்.

384 பற்றி: ஒரு விசயம் சனத்தொகையில் எத்தனை வீதம் என்று தெரியாதபோது 50 வீதம் என்று வைத்து, 95 வீத நம்பிக்கையில், 5 வீதப் பிழையோடு மதிப்பிடத் தேவையான ஆட்களின் எண்ணிக்கை அது. நீங்கள் செய்யப் போவது வேறு. கருவி வைத்து ஒவ்வொரு வீட்டிலும் 4 கிழமை அளக்கிறீர்கள். 30, 40 வீடு என்றாலும் மணிக்கு ஒரு பதிவு வீதம் கணக்கில்லாத தரவு வரும். மண்பானை, பிறிஜ், வெறும் தட்டு மூன்றும் கலந்து வரும்படி வீடுகளைத் தெரிவு செய்யுங்கள். சரியான எண்ணை மேற்பார்வையாளரோடு இருந்து கணித்துக்கொள்ளுங்கள்.

கிளி_மருந்தாளர்

அறிவியல்நகர் அக்காவின் திருத்தத்தை ஏற்கிறேன். கென்ய ஆய்வு எனக்குத் தெரிந்திருக்கவில்லை, தேடி வாசிக்கிறேன். அப்படியென்றால் எங்கள் நோயாளர்களுக்கு நல்ல செய்தியாகவும் இருக்கலாம். பிறிஜ் இல்லை என்ற பயத்திலேயே இன்சுலின் தொடங்க மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். “ஊசி வேண்டாம், குளிசையே தாங்கோ” என்று கெஞ்சுவார்கள். பானையில் வைத்தாலும் போதும் என்று அளந்த கணக்கோடு சொல்ல முடிந்தால் அது எவ்வளவு பெரிய விசயம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கிளினிக் நாளில் சனம் முதல் பஸ்ஸில் வரும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் தேத்தண்ணியும் குடித்திருக்காது. அந்த நேரத்தில் கேள்விக்கொத்தோடு பக்கத்தில் போய் இருக்காதீர்கள். இரத்தம் கொடுத்துவிட்டு, வெளியே கன்ரீனில் ஒரு பணிஸும் தேத்தண்ணியும் எடுத்துவிட்டு வரட்டும். மருந்து வாங்கும் முன்னும் வேண்டாம். கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் மருந்து கிடைக்காதோ என்று நினைத்துவிடுவார்கள். மருந்து கைக்கு வந்த பிறகு, பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கதையுங்கள். “இந்த ஆய்வுக்குச் சம்மதிக்காவிட்டாலும் உங்கள் மருந்து ஒன்றும் நிற்காது, அம்மா” என்பதை வாயால் சொல்லுங்கள், படிவத்தில் எழுதியிருந்தாலும்.

கையெழுத்து. இந்த மண்ணில் சனம் எத்தனை படிவத்தில் பெயர் கொடுத்திருக்கிறது என்று உங்களுக்கு அம்மா சொல்லியிருப்பார். முகாமில் ஒரு பதிவு, மீள்குடியேற்றத்தில் ஒரு பதிவு, வீட்டுத்திட்டத்துக்கு ஒரு பதிவு, காணாமல் போன பிள்ளைக்காக எத்தனையோ பதிவு. பெயர் எழுதுகிற கொப்பியைக் கண்டாலே சிலர் ஒடுங்கிப் போவார்கள், சிலர் தங்கள் பிள்ளையைப் பற்றி ஏதும் தகவல் வந்திருக்கிறதோ என்று எழும்பி வருவார்கள். இரண்டுக்கும் நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள், ஆய்வுக்கு அது தேவையில்லை. வீட்டுக்கு ஒரு குறியீட்டு எண் போதும். சாட்சியோடு வாய்மூலச் சம்மதம் போதுமா என்று ஒழுக்கநெறிக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கேள்வியையும் யோசித்துப் போடுங்கள். “இப்போது வீட்டில் யார் ஊசி போட உதவுகிறார்கள்?” என்று கேட்டால் உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிடும், பழைய புண்ணும் கிளறப்படாது.

ஒருவர் அழுதால் பேனையை வைத்துவிட்டு இருங்கள். அன்றைக்கு அந்த வீட்டில் ஆய்வு இல்லை, அவ்வளவுதான்.

செட்டிகுளம்_மிஸ்ஸி

வவுனியா மாவட்டத்திலும் சில வீடுகள் எடுங்கள் தங்கச்சி. எங்கள் பக்கம் காரணம் உறுதியாகத் தெரியாத அந்தச் சிறுநீரக வருத்தம் இருக்கிறது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கண்டறிந்தார்கள், இந்தப் பக்கமும் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும், சீனி இறங்கி விழுகிற ஆபத்து கூட. அப்படியானவரிடம் அளவும் வெப்பநிலையும் சேர்ந்து என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வயல் வேலைக்குப் போகிறவர்கள் உடம்பு நோவுக்குக் கடையில் டைக்குளோபினாக் வாங்கிப் போடுவதும் உண்டு. அது சிறுநீரகத்துக்குக் கூடாது. வேறு என்ன குளிசை எடுக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கட்டாயம் போடுங்கள்.

சிங்கள நோயாளரும் வருவார்கள். படிவங்கள் இரண்டு மொழியிலும் இருக்கட்டும்.

இன்னொன்று, யூலை 2 ஆம் திகதியும் ஓகஸ்ட் 15 ஆம் திகதியும் மடுத் திருவிழா. அந்த நாட்களை ஒட்டிக் கிளினிக்கில் ஆள் குறையும். ஓகஸ்டுக்குப் பிறகு சிறுபோக அறுவடை, பகலில் வீட்டில் ஆள் இருக்காது. பின்னேரம் போங்கள்.

வேர்க்கொம்பு

மிஸ்ஸியின் கேள்வியோடு என் கேள்வியையும் சேர்த்துவிடுங்கள், நான் சண்டையை விடுகிறேன். இன்சுலின் போடுகிறவர் சிறுகுறிஞ்சாச் சாறும் குடிக்கிறாரா? ஆவாரம்பூத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு? எந்த நேரத்தில், எவ்வளவு, யார் சொல்லி? டொக்டரிடம் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் ஏன்? பேச்சு விழும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரியில் மறைக்கிறவர்கள் என்னிடம் வந்து சொல்கிறார்கள். சீனியை இறக்குகிற இரண்டு மருந்து சேர்ந்தால் ஆபத்து என்பது எனக்கும் தெரியும், மருந்தாளர் அண்ணைக்கும் தெரியும். நடுவில் நிற்கிற நோயாளரிடம் ஒருவரும் சேர்த்துக் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். ஆனால் “பச்சிலை பாவிக்கிறீர்களா?” என்று ஒரேயொரு கேள்வியாகக் கேட்டால் “இல்லை” என்றுதான் வரும். சாப்பாட்டோடு சேர்த்துக் கேளுங்கள்: “சீனிக்கு நல்லது என்று வீட்டில் என்ன சமைப்பீர்கள், என்ன குடிப்பீர்கள்?” குறிஞ்சா எங்கள் வீடுகளில் வறையாகவும் வரும், அது மருந்து என்று அவர்கள் நினைப்பதில்லை.

புதுக்குடியிருப்புப்_பேத்தி

எல்லாவற்றையும் அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு முடிவு இப்படி: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் இன்சுலின் போடுகிறவர்களின் வீடுகளில் 4 கிழமை வெப்பநிலைப் பதிவு. மூன்று வகைச் சேமிப்பும் கலந்து. திறந்த திகதியும் போத்தல் முடிகிற திகதியும். உணவு, மூலிகை, கடைக் குளிசை பற்றிய கேள்விகள். சீனி இறங்கி மயங்கிய அனுபவம் உண்டா என்பதும். கேள்விக்கொத்தை முதலில் புதுக்குடியிருப்பில் அம்மம்மாவின் அயலில் சிலரிடம் வாசித்துப் பார்க்கப் போகிறேன், ஒழுக்கநெறிக் குழு அதற்கும் அனுமதி தந்த பிறகு.

முடிவுகளை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுத வேண்டும். அதற்கு முன்னமே ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய பதிவைத் தமிழில் ஒரு தாளில் கொடுக்க விரும்புகிறேன். “உங்கள் பானைக்குள் இத்தனை பாகை இருந்தது, இன்ன நேரத்தில் கூடியது” என்று. இது சரியா? நடுவில் ஒரு வீட்டில் மருந்து உறைவதை அல்லது மிகவும் சூடாவதைக் கண்டால் 4 கிழமை முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

கிளி_மருந்தாளர்

பார்த்துக்கொண்டிருக்கவே கூடாது. அதை முன்மொழிவிலேயே எழுதுங்கள்: எந்த வெப்பநிலையைத் தாண்டினால், அல்லது உறைந்தால், உடனே கிளினிக்குக்கு அறிவித்துப் புதுப் போத்தல் மாற்றிக் கொடுப்பது என்று. குழு கட்டாயம் கேட்கும் கேள்வி அது. எங்கள் பக்கத்தில் யாரைத் தொடர்புகொள்வது என்று பொறுப்பதிகாரியின் அனுமதி வந்ததும் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். வீட்டுக்குக் கொடுக்கும் தாளைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். ஒரு பிரதி எங்கள் யன்னலுக்கு.

பாவித்த ஊசிகளைப் போட ஒவ்வொரு வீட்டுக்கும் மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்று கொண்டு போங்கள். வேலிக்கரையில் எறிகிற வீடுகளில் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள்.

அறிவியல்நகர்_அக்கா

கருவிகளை அங்கேயே வாங்கி, வருவதற்கு முன் எல்லாவற்றையும் ஒன்றாக உருகும் ஐஸில் வைத்து 0 பாகை காட்டுகிறதா என்று பாருங்கள். விலகல் இருந்தால் கருவிக்குக் கருவி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் காட்ட உங்கள் துறையின் கடிதத்தில் எண்ணிக்கையும் நோக்கமும் இருக்கட்டும். மேலதிகமாகச் சிலவும் கொண்டு வாருங்கள், மணலுக்குள் ஈரம் ஏறிப் பழுதாகும்.

தங்குவதற்குக் கிளிநொச்சி நல்லது. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் ஏ9 வீதியில் பஸ் எந்த நேரமும் இருக்கும், ரயிலும் உண்டு. பரந்தனில் மாறினால் புதுக்குடியிருப்பு. முன்மொழிவின் வரைபு ஆயத்தமானதும் அனுப்புங்கள், வெப்பநிலைக் கணிப்புப் பகுதியை நான் பார்த்துத் தருகிறேன்.

நொச்சிமோட்டை

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டையும் பட்டியலில் போடுங்கள். ஒழுங்கையில் இன்னும் சிலரைக் கேட்டு வைக்கிறேன், அனுமதிக் கடிதம் வந்ததும் சொல்லுங்கள்.